திரியூவின் சாம்பல் கிளி: மொரீஷியஸில் ஐந்து நாள்

முதல் நாள், சனி, மாயேபூர்

கோவில்பட்டியில் என் அப்பா நாற்பத்தொரு வருடமாகச் சலூன் வைத்திருக்கிறார். நான் மொரீஷியஸ் வந்ததற்குக் காரணம் அந்தச் சலூன்தான் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. அலுவலகத்தில் எல்லோரும் கடற்கரைக்குப் போகிறான் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

விஷயம் இதுதான். இந்தத் தீவில் ஒரு காலத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கிளி இருந்தது. வால் நீளம். நம் பச்சைக்கிளிக்கு உறவு, ஆனால் அதைவிடப் பெரிய உடம்பு. இன்று அதன் ஒற்றை இறகுகூட எந்த மியூசியத்திலும் கிடையாது. பாடம் செய்து வைத்த உடலும் கிடையாது. தொட்டுப் பார்க்க மிச்சம் இருப்பது எலும்புகள் மட்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைத் தேடி எடுத்தவர் எத்தியன் திரியூ. அவர் தொழில் முடிதிருத்துவது. அந்த வரியைப் படித்தபோது ராத்திரி பதினோரு மணி. அப்புறம் தூக்கம் வரவில்லை.

மும்பையில் விமானம் மாறி, மதியம் இறங்கினோம். விமானம் தாழும்போது ஜன்னலில் கரும்புக் காடுதான். நடுநடுவே கருங்கற்களைக் குவித்துக் கூம்பு மாதிரி வைத்திருக்கிறார்கள். கரும்பு போட நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிய கற்கள் அவை.

டாக்ஸி ஓட்டியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "வணக்கம்" என்றார். அதன் பிறகு வந்ததெல்லாம் கிரியோலும் கொஞ்சம் ஆங்கிலமும். பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் கரும்பு வெட்ட வந்த குடும்பமாம். நான் "ஐயா" என்றேன். இங்கே வயதானவரை "தோந்தோன்" என்று கூப்பிடுவார்கள், சித்தப்பா பெரியப்பா மாதிரி என்று சொல்லிக் கொடுத்தார். கட்டணம் கொடுக்க ரூபாய் நோட்டை எடுத்தால் அதில் தமிழில் தொகை எழுதியிருக்கிறது. படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தோந்தோன் ஒரு பக்கம் கை காட்டினார். மார் ஓ சோன்ழ் அந்தப் பக்கம்தான். பறக்க முடியாமல் அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புகள் குவியலாகக் கிடைத்த சதுப்பு. 1865ல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் அங்கே தோண்ட வைத்தார். அவர் எழுதியிருப்பதில் ஒரு வரி எனக்கு மறக்காது. கூலித் தொழிலாளர்களைச் சதுப்பின் நடுவே இறக்கினாராம். மூன்றடி ஆழத் தண்ணீரில் அவர்கள் வெறுங்காலால் சேற்றைத் துழாவி எலும்பைக் கண்டுபிடித்தார்கள். இந்த வரியோடு கிளார்க்கின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது, அந்தக் கால்களுக்குரியவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை. 1940களில் மலேரியாவுக்குப் பயந்து அந்தச் சதுப்பைக் கல் கொட்டி மூடினார்கள். 2005லிருந்து மறுபடி தோண்டிப் பார்த்தார்கள்.

ராத்திரி விடுதிக்கார அம்மா வாழைக்காய்க் கறி வைத்துக் கொடுத்தார். இங்கே தமிழர் வீட்டு விசேஷங்களில் வாழை இலையில் ஏழு கறி போடுவது வழக்கமாம், அதற்குப் பெயரே ஏழு கறிதான். இன்று விசேஷம் இல்லாததால் ஒரே கறி என்று வருத்தப்பட்டார். எனக்கு அந்த ஒன்றே போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள், ஞாயிறு, எக்ரெத் தீவும் பழைய துறைமுகமும்

காலையில் படகு. எக்ரெத் தீவு கரையிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மொத்தமே 26 ஹெக்டேர், ஒரு சின்னக் கண்மாய் அளவு. பவளப் பாறைமேல் காடு. மொரீஷியஸ் கடலோரம் முழுக்க ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க இந்த ஒரு துண்டுதான் கதி. பெரிய தீவில் நல்ல நிலையில் மிஞ்சிய சொந்தக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு.

கருங்காலி மரத்தை இங்கேதான் முதல்முறை உயிரோடு பார்த்தேன். எங்கள் ஊரில் கருங்காலி என்றால் கழுத்தில் போடும் மாலை. இந்த மரத்தின் பட்டை மேலே வெளிர் சாம்பல், பூஞ்சைத் திட்டு படிந்து. கருப்பு முழுக்க உள்ளே. அந்தக் கருப்புக்காகத்தான் டச்சுக்காரர்கள் வெட்டி வெட்டிக் கப்பல் ஏற்றினார்கள். ஓர் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன் வர இந்த மரத்துக்கு எத்தனை தலைமுறை ஆகும் என்று தெரிந்திருந்தால் கோடாரி எடுத்த கை கொஞ்சம் தயங்கியிருக்குமா? தயங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இளஞ்சிவப்புப் புறா ஒன்று பாதையிலேயே வந்து நின்றது. இரண்டு எட்டு தள்ளி நான் நிற்கிறேன், அது பாட்டுக்கு இலையைக் கிளறிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் புறாவுக்குக்கூட இதைவிட உஷார் அதிகம். மனிதனைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொள்ளாத ரத்தம் இன்னும் அதற்குள் ஓடுகிறது. எனக்குச் சாம்பல் கிளி ஞாபகம் வந்துவிட்டது. சரி, அதைச் சொல்லாமல் இந்த நாளை முடிக்க முடியாது.

மதியம் வியே கிராண்ட் போர்ட் போனேன். டச்சுக்காரர்கள் 1598ல் இந்த விரிகுடாவில்தான் வந்து இறங்கினார்கள். 1638ல் இங்கேயே கோட்டை கட்டிக் குடியேறினார்கள். இப்போது கோட்டையின் அடித்தளக் கற்களும் அலையும்தான். அந்தக் கற்களில் ஒன்றின்மேல் உட்கார்ந்து, போனில் சேமித்து வைத்திருந்த குறிப்பை மறுபடி படித்தேன். ஆரம்ப காலத்தில் தீவுக்கு வந்த டச்சு மாலுமிகள் எழுதி வைத்தது. சாம்பல் கிளிகள் ரொம்பச் சாதுவாம். ஒன்றைப் பிடித்துக் கத்த வைத்தால் போதும், அடுத்த நிமிடம் நூற்றுக்கணக்கில் பறந்து வந்து காதைச் சுற்றி வட்டமிடும். சின்னக் குச்சியால் தட்டித் தட்டி விழுத்தலாம். பார்க்க வேடிக்கையாக இருந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள்.

வேடிக்கை. அந்தச் சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிடிபட்டது கத்துகிறது. மற்றவை பயந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, கிட்டே வந்தன. கழுகோ பருந்தோ ஒன்றைத் தூக்கினால் கூட்டமாகச் சூழ்ந்து விரட்ட அந்தக் குணம் உதவியிருக்கும். குச்சி பிடித்த மனிதன் அந்தக் கணக்கில் இல்லை. இனத்தில் ஒருத்தருக்கு ஆபத்து என்றதும் ஓடி வந்ததாலேயே அடிபட்டுச் செத்த பறவை இது. எனக்கு வேறு எந்த அழிந்த உயிரைப் பற்றிப் படித்தபோதும் தொண்டை இப்படி அடைத்ததில்லை.

1602ல் வந்த வில்லெம் வான் வெஸ்ட்-சானன் என்ற கப்பல்காரரின் பயணக் குறிப்பு 1648ல் அச்சானது. அதில் ஒரு செதுக்குப் படம் உண்டு. மாலுமிகள் தடியோடு டோடோக்களை அடிக்கிறார்கள், ஓரத்தில் கடற்பசு கிடக்கிறது. கூடவே சில கிளி மாதிரிப் பறவைகள். சாம்பல் கிளிக்கு உயிரோடு இருந்த காலத்துப் படம் என்று ஏதாவது இருந்தால் அது இந்த ஒன்றுதான். தன் சாவுக் காட்சியில்தான் அதற்கு ஒரு போட்டோ கிடைத்திருக்கிறது.

மூன்றாம் நாள், திங்கள், போர்ட் லூயி

மாயேபூரிலிருந்து பஸ். இரண்டு மணி நேரம். கம்பெனித் தோட்டத்தின் ஆலமர நிழலைத் தாண்டினால் இயற்கை வரலாற்று மியூசியம். பழைய கட்டடம், உள்ளே குளிர்ச்சி.

நான் பார்க்க வந்தது கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. திரியூ கண்டெடுத்த டோடோ.

சாம்பல் கிளியின் எலும்புகள் இங்கே இல்லை. இது வருமுன்பே தெரியும். திரியூ எடுத்த அந்த எலும்புகள் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விலங்கியல் மியூசியத்துக்குப் போய்விட்டன.  அதனால் அதே கை தொட்ட இன்னொரு பறவையையாவது பார்க்கலாம் என்றுதான் வந்தேன்.

இந்த டோடோ ஏன் பெரிய விஷயம் என்றால், உலகத்து மியூசியங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகள் அநேகமாக எல்லாம் சேர்த்துக் கட்டியவை. சதுப்பில் கலந்து கிடந்த பல பறவைகளின் எலும்பைப் பொறுக்கி, இதன் காலோடு அதன் தலையைப் பொருத்தியவை. திரியூவின் டோடோ ஒரே பறவை. செத்த இடத்திலேயே கிடந்தது. 2016ல் இதை லேசரால் அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதுவரை யாரும் பார்த்திராத எலும்புகள் இதில் இருந்தன. முழங்கால் சில்லு, கணுக்கால் எலும்பு, மணிக்கட்டு எலும்பு. மற்றவர்கள் கூலி ஆள் வைத்துப் பெரிய எலும்பாகப் பார்த்து எடுத்தார்கள். சின்னதெல்லாம் மண்ணோடு போனது. இவர் தானே குனிந்து எடுத்தார்.

எலும்புகள் நன்றாகக் கொதித்த தேயிலைச் சாயம் மாதிரிப் பழுப்பாக இருக்கின்றன. அலகு பெரிய கொக்கி. சிறகு எலும்பு அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாமல் குட்டை. நான் முழங்காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கத்தரிக்கோலின் திருகு எப்போதாவது கழன்று விழும். எள்ளளவு திருகு. தரை முழுக்க வெட்டிய முடி. அப்பா விளக்குமாற்றை எடுக்கவே மாட்டார். உட்கார்ந்து, கண்ணைக்கூட வேறு பக்கம் வைத்துக்கொண்டு, விரலை முடிக்குள் விட்டு மெதுவாக அளைவார். முப்பது எண்ணுவதற்குள் திருகு அவர் நகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். முழங்கால் சில்லைத் தவறவிடாத விரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நான் அந்த விரல் சம்பாதித்த காசில் படித்தவன்.

இப்போது கிளியின் கதைக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜுக்குப் போன எலும்புகள் எழுபது வருடத்துக்குப் பக்கமாகப் பெயரில்லாமல் கிடந்தன. 1973ல் ஹோலியோக் என்ற ஆய்வாளர் கீழலகின் முனை, அண்ண எலும்பு, கால் எலும்புகள் இவற்றை வைத்து இது தனி இனம் என்று சொன்னார். மொரீஷியஸில் அண்டங்காக்கை அளவில், அகன்ற அலகோடு இன்னொரு கிளி இருந்தது. இது அதன் சின்னத் தம்பி என்று நினைத்து அந்தக் குடும்பத்திலேயே சேர்த்தார். பறவையாளர் பென்சனின் நினைவாகப் பென்சோனி என்று பெயர் வைத்தார். 2007ல் ஜூலியன் ஹ்யூம் எலும்புகளை மறுபடி ஒப்பிட்டு, இது சிட்டாக்குலா, அதாவது நம் பச்சைக்கிளி வம்சம் என்று மாற்றினார். மாலுமிகள் எழுதிய சாம்பல் கிளியும் இந்த எலும்பும் ஒன்றுதான் என்று முடிச்சுப் போட்டவரும் அவரே. அதுவரை கதை தனியாக, எலும்பு தனியாகக் கிடந்தது. பக்கத்து ரீயூனியன் தீவிலும் இதே கிளி இருந்திருக்கிறது.

இப்போது அதைத் திரியூவின் சாம்பல் கிளி என்றும் சொல்கிறார்கள். அறிவியல் பெயரில் பென்சன், பேச்சு வழக்கில் திரியூ. எனக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. ஆனாலும் அந்தப் பெயரை உச்சரிக்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

சாயங்காலம் வீடியோவில் அப்பாவைப் பிடித்தேன். டோடோ போட்டோவை ஏற்கெனவே அனுப்பியிருந்தேன்.

"சாப்பிட்டியாய்யா?"

"ஆச்சுப்பா. போட்டோ பாத்தீங்களா? இதை எடுத்தவர் நம்ம தொழில்தான்."

"பாத்தேன். மலையில போயா எடுத்தாரு?"

"ஆமாப்பா. லெ பூஸ்னு ஒரு மலை. அந்தப் பக்கம்தான் அலைஞ்சிருக்காரு."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்னால் சலூன் ரேடியோ சத்தம் கேட்டது. அப்புறம், "அவரு மலைக்குப் போனா கடையை யாருய்யா பாத்துக்கிட்டா?" என்றார்.

எந்த ஆய்வுக் கட்டுரையிலும் யாரும் கேட்காத கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பாவே சொன்னார், "அங்கயும் செவ்வாக்கிழமை லீவா இருக்கும்."

நாளைக்குச் செவ்வாய்.

நான்காம் நாள், செவ்வாய், லெ பூஸ்

லெ பூஸ் என்றால் கட்டைவிரல். தூரத்திலிருந்து பார்த்தால் மூடிய கையிலிருந்து விரல் நீட்டியதுபோலவே உச்சி. 800 மீட்டருக்குச் சற்று மேல். மோகா பக்கத்திலிருந்து ஏறினேன். முதலில் கரும்புத் தோட்டத்து மண் பாதை, பிறகு காடு. காடு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பாதி சீனக் கொய்யா, வெளியிலிருந்து வந்து தீவையே பிடித்துக்கொண்ட செடி. சின்னச் சிவப்புப் பழம், தின்ன நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கன்றுகூட அடியில் முளைக்க விடாமல் நெருக்கி நிற்கிறது.

கொய்யாவுக்குள்ளிருந்து தெரிந்த குரல் ஒன்று கேட்டது. செம்மீசைச் சின்னான். 1892ல் இந்தியாவிலிருந்து வந்து சேர்ந்த பறவை. கொண்டை நிமிர்த்தி, கன்னத்தில் சிவப்புப் பொட்டோடு, குற்றாலத்தில் பார்ப்பது போலவே உட்கார்ந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இன்று மனசு வரவில்லை.

நடுவில் மழை. பாறை வழுக்கி முழங்காலில் சிராய்ப்பு. கடைசி ஏற்றம் கையும் காலும் ஊன்றித்தான். 1836ல் டார்வின் இதே மலையில் ஏறியிருக்கிறார். திரியூவும் இதன் சுற்றுவட்டாரத்துப் பாறைச் சரிவுகளிலும் குகைகளிலும்தான் தேடினார். சரிவில் உருண்டு கிடக்கும் பாறைகளுக்கு நடுவே ஆள் நுழையும் இடுக்குகள் இருக்கின்றன. ஒன்றின் வாயில் குனிந்து பார்த்தேன். உள்ளே ஈர மண் வாசனை, காய்ந்த இலை, கொட்டி நொறுங்கிய நத்தை ஓடுகள். கையை விடவில்லை. பழக்கமில்லாதவன் கிளறினால் இருப்பதும் கெடும். வெளியிலிருந்தே பார்த்துவிட்டு எழுந்தேன். இப்படி ஓர் இடுக்கில், விளக்கு வெளிச்சத்தில், வளைந்த அலகு முனை ஒன்றைப் பார்த்ததும் இது கிளி என்று அவர் கை சொல்லியிருக்கும்.

உச்சியில் மேகம் விலகியது. கீழே போர்ட் லூயி துறைமுகம், குதிரைப் பந்தய மைதானம். வலது பக்கம் பீட்டர் போத் மலை, தலையில் ஒரு உருண்டைப் பாறையைத் தூக்கிக்கொண்டு. நீண்ட வெள்ளை வாலோடு ஒரு கடற்பறவை பாறை முகத்தை ஒட்டி மிதந்து போனது. கண்ணுக்கு எட்டிய சமவெளி எல்லாம் கரும்பு, வீடு, சாலை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் கொசினி என்ற பிரெஞ்சுக்காரர் இந்தத் தீவின் காடு நிறையச் சாம்பல் கிளியும் பச்சைக் கிளியும் இருப்பதாக எழுதினார். எந்தக் குழம்பில் போட்டாலும் கறி வேகாது, மெலிந்தும் இருக்கும் என்று குறையும் சொன்னார். கறியாக அடித்தது ஒரு பக்கம், பயிரைத் தின்கிறது என்று அடித்தது ஒரு பக்கம், காடு போனது ஒரு பக்கம். 1760களுக்குப் பிறகு சாம்பல் கிளியைப் பார்த்ததாகப் பேச்சே இல்லை.

இறங்கும்போது முழங்கால் வலித்தது. அப்பாவுக்குச் செவ்வாய் லீவு என்பதால் உச்சிப் படத்தை உடனே பார்த்துவிட்டார். "நல்ல மலை" என்று பதில்.

ஐந்தாம் நாள், புதன், பிளாக் ரிவர் பள்ளத்தாக்கு

மொரீஷியஸில் மூன்று கிளி இனங்கள் இருந்தன என்றால், அகன்ற அலகுக் கிளி போனது, சாம்பல் கிளி போனது, எக்கோ கிளி ஒன்றுதான் மிச்சம். அதுவும் போகத்தான் இருந்தது. 1980களில் எண்ணியபோது பத்து, பன்னிரண்டு பறவைகள்தான். 1979ல் இங்கே வந்த பறவைப் பாதுகாப்பாளர் கார்ல் ஜோன்ஸும் அவரோடு வேலை செய்த மொரீஷியஸ் ஆட்களும் மரம் ஏறிக் குஞ்சுகளைக் காப்பாற்றி, வளர்த்து, கூடு வைக்கப் பெட்டி கட்டித் தொங்கவிட்டு, எலியையும் குரங்கையும் விரட்டி, இன்று 700க்கு மேல் கொண்டு வந்திருக்கிறார்கள்.

இன்னொரு எதிரி நம் ஊர்க்காரன். வீட்டுக் கூண்டில் வளர்க்கும் செந்தார்ப் பைங்கிளி 1886 வாக்கில் இங்கே தப்பித்துப் பெருகிவிட்டது. மரப்பொந்துக்கு எக்கோ கிளியோடு போட்டி. இரண்டும் பச்சை, இரண்டுக்கும் ஆண் கழுத்தில் ஆரம். எக்கோ கொஞ்சம் கரும்பச்சை, வால் குட்டை, குரல் கனம். பெண்ணின் அலகு கருப்பு, அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது என்று வழிகாட்டிப் பெண் சொன்னார்.

பெத்ரேனில் இறங்கி நடந்தோம். இங்கே காடு தன் காடாக இருக்கிறது. குட்டை மரங்கள், பாசி, மேலே குடை விரித்த கிளைகள். எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை ஒன்றும் வரவில்லை. என் போனில் எக்கோ கிளியின் குரல் பதிவு இருந்தது. பறவை பார்ப்பவர்கள் பலர் அதைப் போட்டுத்தான் பறவையைக் கிட்டே வரவழைப்பார்கள். போடட்டுமா என்று நான் கேட்டேன். அந்தப் பெண் தலையை ஆட்டினார். "கூப்பிட்டால் வந்துவிடும்" என்றார். "வேறு வேலையை எல்லாம் விட்டுவிட்டு வரும். அதனால்தான் வேண்டாம்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக் கல்லில் உட்கார்ந்து படித்தது அப்படியே காதில் கேட்டது.

இன்னும் அரை மணி. பள்ளத்தாக்கின் எதிர்ப் பக்கமிருந்து கனமான ஒரு கத்தல். ஒரு எக்கோ பறந்து வந்து எங்களுக்கு மேலே காய்ந்த கிளையில் உட்கார்ந்தது. கருப்பு அலகு, காலில் வண்ண வளையம். ஒரு காயைக் காலால் பிடித்துக்கொண்டு, அலகால் திருப்பித் திருப்பித் தோல் உரித்தது. தோல் துணுக்குகள் என் தோள்மேல் விழுந்தன. கீழலகின் முனை அசைவது தெளிவாகத் தெரிந்தது. திரியூவின் கிளியில் மிச்சம் இருப்பவற்றில் அந்தத் துண்டும் ஒன்று. அது வேலை செய்வதை இப்போதுதான் பார்க்கிறேன்.

அது மறுபடி கத்தியது. பதிலுக்கு இன்னொரு குரல், தூரத்தில். அந்தப் பெண் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். சிவப்பு அலகோடு இரண்டாவது கிளி மரங்களுக்கு மேலே நேராக வந்து, முதல் கிளியின் பக்கத்தில், அதே கிளையில், இறங்கி உட்கார்ந்தது.